பெயர் தெரியாத விலங்கு: ஷாங் காலத்து வெண்கலக் கலங்கள்

சீனாவின் ஹெனான் மாநிலத்திலுள்ள ஆன்யாங், ஷாங் மன்னர்களின் கடைசித் தலைநகரம். 1976இல் இங்கே, திருடர் கை படாத கல்லறை ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். கி.மு. 1200ஐ ஒட்டிய காலம். ஊ டிங் மன்னனின் தேவியரில் ஒருவரான, படை நடத்திச் சென்ற ஃபூ ஹாவ் என்ற அரசியுடையது. வெண்கலப் பொருள்கள் மட்டுமே 468. எடை ஏறத்தாழ 1,600 கிலோ! முன்னோர்க்கு உணவும் மதுவும் படைத்த கலங்கள் அவற்றில் ஏராளம்.

இக்கலங்கள் பலவற்றிலிருந்து ஒரு முகம் நம்மை முறைத்துப் பார்க்கும். பிதுங்கிய கண்கள், கொம்புகள், மேல்தாடை, கீழ்த்தாடை கிடையாது. மூக்குக்கு ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். மீதிப் பாதி, பக்கவாட்டில் நிற்கும் ஒரு முழு விலங்காகிவிடும்!

இதில் வார்ப்பு முறைக்கும் பங்குண்டு. நம் கோயில் உற்சவ மூர்த்திகள் மாதிரி மெழுகில் வடித்து வார்த்தவை அல்ல இவை. களிமண் மாதிரியின்மேல் மண்ணை அப்பி, அதைத் துண்டு துண்டாக எடுத்து, நடுவே மண் கரு வைத்து மீண்டும் பூட்டி, இடைவெளியில் உலோகத்தை ஊற்றினார்கள். துண்டுகள் சேருமிடத்தில் கோடு விழத்தானே செய்யும்? அதற்கேற்பவே அலங்காரத்தைப் பகுத்தார்கள். பிற்பாடு அங்கே மேடான வரம்புகளை வைத்து அதையே அழகாக்கிவிட்டார்கள்.

சரி, அது என்ன விலங்கு? ‘தாவ்தியே’, அதாவது பெருந்தீனிக்காரன், என்பது வழக்கமான பதில். ஆனால் அந்தப் பெயரை இத்தகைய கலங்களோடு சேர்த்துச் சொல்லும் ‘லூஷி சுன்சியூ’ கி.மு. 3ஆம் நூற்றாண்டு நூல். ஷாங் ஆட்சி முடிந்து எண்ணூறு ஆண்டு கழித்து வந்தது. அதுவும் அடுத்து வந்த சோவ் காலத்துக் கலங்களைப் பற்றியே பேசுகிறது. பின்னர் சோங் காலத்து அறிஞர்கள் அந்தப் பெயரை ஷாங் கலங்களுக்கும் ஒட்டினார்கள். அப்படியே நிலைத்துவிட்டது.

மாக்ஸ் லோர் 1968இல், இது அர்த்தமற்ற வெறும் கோலம் என்ற பக்கம் சாய்ந்தார். ஃபூ ஹாவ் கல்லறையின் இரட்டை ஆந்தைக் கலங்களைக் கண்டவர்கள் அவ்வளவு தூரம் போகத் தயங்குவார்கள். வாழ்வோர்க்கும் மாண்டோர்க்கும் இடையே தூது போகும் விலங்குகள் இவை என்றார் கே.சி. சாங். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, சான்றுதான் போதவில்லை. ஆன்யாங்கில் கிடைத்த குறி கேட்கும் எலும்புகளில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எத்தனை மனிதர் பலி என்றெல்லாம் கணக்கு இருக்கிறது. இந்த முகத்துக்கு மட்டும், இதுவரை படித்தறிந்த வரிகளில் விளக்கம் இல்லை. அதனால்தான் சீனத் தொல்லியலாளர் பலர் பழைய பெயரை விட்டுவிட்டு ‘விலங்கு முக அலங்காரம்’ என்று மட்டும் எழுதுகிறார்கள்.