ஃபேனியும் சின்னப்பாலமும்

'கல்ச்சர் டெஸ்ட்' எடுத்திருப்பீர்களே? லேபில் கிருமியை வளர்ப்பது அகர் என்ற ஜெல்லியின் மேல். வேறொன்றுமில்லை... நோன்பு திறக்கும்போது சாப்பிடுகிற அதே கடல்பாசிதான்!

1881, ஜெர்மனி. ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் வால்தர் ஹெஸ்ஸேவுக்குப் பெரிய தலைவலி. ஜெலட்டினில் கிருமி வளர்த்தால், கோடை வெயிலில் உருகி ஓடியது. மனைவி ஃபேனி செய்யும் ஜெல்லி மட்டும் அசையவில்லை. எப்படி என்று கேட்டார். 'அகர்' என்றார் ஃபேனி. ஜாவாவில் வாழ்ந்தவர்களிடம் கற்ற கைப்பக்குவம். சுமார் 85 டிகிரியில்தான் அது உருகும். கிருமி வளரும் 37 டிகிரியில் கெட்டியாக நிற்கும். 1882 கட்டுரையில் அகர் பற்றிக் குறிப்பிட்டார் கோக். ஃபேனியின் பெயரை விட்டுவிட்டார்!

இப்போது பாம்பனுக்கு வாருங்கள். நம் நாட்டில் தயாராகும் அகருக்கு முக்கிய மூலப்பொருள் மரிக்கொழுந்துப் பாசி. சின்னப்பாலம் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பறிப்பது. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாகின. அந்தப் பக்கம் போனால் குற்றம் என்றானது. பாசி அழியக்கூடாதென்று மாதம் 12 நாள் மட்டுமே பறிப்பது என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டதும் இதே பெண்கள்தான்! அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

ஃபேனிக்கு ஒரு வரி மறுக்கப்பட்டது. இவர்கள் கேட்பது பெயரல்ல சார், பாட்டி காலத்திலிருந்து இறங்கிய கடல்!