வில்லாவும் வில்லனும்: ஆங்கிலம் பிறந்த கதையில் நம் பெயர்

கோவையில் சரவணம்பட்டி, வடவள்ளி பக்கம் போனால் வழியெல்லாம் ரியல் எஸ்டேட் பலகைகள். 'லக்சுரி வில்லா' கோடி ரூபாய்க்கு மேல். அன்று இரவே தியேட்டருக்குப் போனால் திரையில் 'வில்லன்'. இந்த இரண்டு சொற்களும் அண்ணன் தம்பி என்று நம்மில் பலருக்குத் தெரியாது. லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. அந்தப் பண்ணையில் உழைத்தவன் 'வில்லானுஸ்'. கொங்கு நாட்டுப் பேச்சில் சொன்னால் பண்ணையாள், அவ்வளவுதான். பிரெஞ்சு வழியாக இரண்டும் ஆங்கிலத்துக்கு வந்தன. வீட்டின் பெயர் செல்வத்துக்கு அடையாளமாயிற்று. அந்த வீட்டுக்கு உழைத்தவனின் பெயர் அயோக்கியன் என்று பொருள்பட்டது.

இது தானாக நடந்ததில்லை. எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் ஆங்கிலம் பிறந்த கதைக்குள் போக வேண்டும். அந்தக் கதையை நம் மாணவர்கள் தெரிந்துகொள்வது அவசியம் என்று நாங்கள் நினைக்கிறோம். கிராமங்களில் இருந்து கோவைக் கல்லூரிகளுக்கு வரும் முதல் தலைமுறைப் பிள்ளைகளோடு வேலை செய்கிறோம். "இங்கிலீஷ் அவங்களுக்கு வரும், நமக்கு வராதுங்க" என்ற பேச்சைக் கேட்காத வருடமில்லை. இன்னொரு பக்கம், ஆங்கிலத்தைத் தெய்வமாக்கும் போக்கும் நம் தோழர்களிடம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தின் பாங்கா கிராமத்தில் 2010-ல் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டவே தொடங்கினார்கள். அதன் பின்னால் இருக்கும் வலி நமக்குப் புரிகிறது. ஆனால் பயப்படுகிறவரும் கும்பிடுகிறவரும் ஒரு விஷயத்தில் ஒன்றாகவே நினைக்கிறார்கள்: ஆங்கிலம் பிறவியிலேயே உயர்ந்தவர்களின் மொழி என்று. அதன் முதல் ஆயிரம் வருடங்கள் அப்படிச் சொல்லவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானியப் படைகள் பிரிட்டனை விட்டுப் போயின. அப்போது அந்தத் தீவில் ஆங்கிலம் கிடையாது. மக்கள் பேசியது கெல்டிக் குடும்பத்து மொழிகள், இன்றைய வெல்ஷ் மொழியின் முன்னோர்கள். வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளில் இருந்து ஆங்கிள், சாக்சன், ஜூட் என்ற குழுக்கள் கடல் தாண்டி வந்து குடியேறின. இந்த மூன்று பெயர்களையும் 731-ல் தன் வரலாற்று நூலை முடித்த பீட் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிள் என்ற பெயரில் இருந்துதான் இங்கிலாந்தும் இங்கிலீஷும். வந்தவர்கள் பேசியது கரையோரத்து ஜெர்மானியப் பேச்சு. ரோமப் பேரரசின் கண்ணில் அவர்கள் காட்டுமிராண்டிகள்.

வந்தவர்கள் ஏற்கெனவே அங்கிருந்த மக்களை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? 'வியல்ஹ்'. அந்நியன் என்று பொருள். சொந்த மண்ணில் இருந்தவனுக்கு, நேற்று வந்தவன் வைத்த பெயர் அந்நியன்! காலம் போகப் போக அதே சொல்லுக்கு 'அடிமை' என்ற பொருளும் சேர்ந்தது. 'வேல்ஸ்' என்ற நாட்டின் பெயர் இதிலிருந்து வந்ததுதான். பழைய மக்களின் மொழியில் இருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொற்கள் மிகக் குறைவு. தேம்ஸ், ஏவன் என்று ஆறுகளின் பெயர்கள் மட்டும் நிறைய மிஞ்சின. ஏவன் என்றால் பழைய மொழியில் ஆறு என்றே பொருள். நம் ஊர்க் கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. கோவன் என்ற இருளர் தலைவனின் பெயரால்தான் கோவன்புத்தூர், கோயம்புத்தூர் ஆயிற்று என்று சொல்லும் வழக்கு இங்கே உண்டு. இன்றைக்கு இருளர் மக்களைப் பார்க்க மலையடிவாரம் வரைக்கும் போக வேண்டும். ஊரின் பெயரில் அவர்கள் இருக்கிறார்கள், ஊரில் இல்லை.

ஆங்கிலத்தில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய நீண்ட எழுத்து எது தெரியுமா? கவிதை இல்லை, பிரார்த்தனையும் இல்லை. கி.பி. 600 வாக்கில் கென்ட் பகுதி அரசர் எதெல்பர்ட் இயற்றிய சட்டம். அதன் பிரதி பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி ஒன்றில்தான் கிடைத்திருக்கிறது. யாரை அடித்தால் எவ்வளவு, யாரைக் கொன்றால் எவ்வளவு என்ற விலைப் பட்டியல் அது. அரசனின் பணிப்பெண்ணோடு ஒருவன் படுத்தால் 50 ஷில்லிங் அபராதம். அவள் மாவரைக்கும் அடிமைப் பெண் என்றால் 25. மூன்றாம் தரத்து அடிமை என்றால் 12. இதைப் படிக்கும்போது நமக்கு மனுவைத் தவிர வேறு எது ஞாபகம் வரும்? கொல்லப்பட்டவனுக்கான ஈட்டுத் தொகைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வெர்கில்ட்', நேர்ப்பொருளில் 'ஆள் விலை'. ஏறத்தாழ 690-ல் வெசெக்ஸ் அரசர் ஐன் இயற்றிய சட்டத்தில் சாதாரண ஆங்கிலேயக் குடியானவனின் உயிருக்கு 200 ஷில்லிங். வரி கட்டும் வெல்ஷ்காரனுக்கு 120. வெல்ஷ் அடிமைக்கு 60, சிலருக்கு 50.

எனவே ஆங்கிலம் ஒடுக்கப்பட்டவர்களின் மொழியாகப் பிறந்தது என்று கதை கட்ட நாங்கள் வரவில்லை. அது பிறந்ததே ஆக்கிரமித்தவர்களின் வாயில்தான். பிறகு அந்த ஆக்கிரமித்தவர்களே இன்னொருவருக்குக் கீழே போனார்கள்.

793-ல் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தைச் சூறையாடியதில் தொடங்கி வைக்கிங்குகள் வந்தார்கள், குடியேறினார்கள். 'அவர்கள்' என்று சொல்ல ஆங்கிலம் இன்று பயன்படுத்தும் 'தே' அவர்கள் கொடுத்தது. அடிப்படையான சொல்லையே அந்நியரிடம் வாங்கிக்கொண்ட மொழி அது. தூய்மை பேசும் நம்மூர் மொழிப் பண்டிதர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெரிய அடி 1066-ல். பிரான்சின் நார்மண்டியில் இருந்து வில்லியம் படையோடு வந்து ஆட்சியைப் பிடித்தார். 20 வருடங்கள் கழித்து, 1086-ல், யாரிடம் என்ன நிலம், எத்தனை ஆள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். டூம்ஸ்டே புத்தகம் என்று அதற்குப் பெயர். அதில் பதிவானவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமை. அதைவிடப் பெரிய கூட்டம் 'வில்லானி', அதாவது பண்ணையாட்கள். பிற்காலத்தில் இவர்களை 'வில்லீன்' என்றார்கள். வில்லீன் விற்பனைப் பொருள் இல்லை, ஆனால் நிலத்தோடு கட்டப்பட்டவன். துரையின் நிலத்தில் வாரத்தில் இத்தனை நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. மகளைக் கட்டிக் கொடுக்கக்கூட துரைக்குப் பணம் கட்ட வேண்டும். தன் துரைக்கு எதிராக அரசனின் நீதிமன்றத்துக்குப் போகவும் முடியாது. பண்ணையத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இதில் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏறத்தாழ 300 வருடங்கள் அரசவையில் பிரெஞ்சு, கோயிலிலும் ஆவணத்திலும் லத்தீன். ஆங்கிலம் வயலிலும் அடுப்படியிலும் இருந்தது. மாட்டை மேய்த்தவன் வாயில் அது 'கவ்', சமைத்த பிறகு துரையின் தட்டில் அது 'பீஃப்' என்று பள்ளிப் புத்தகங்களில் ரசித்துச் சொல்வார்கள். (நம் ஊரில் மாட்டுக்கறியின் கதை வேறு. அது இன்னொரு கட்டுரை.) சாப்பாட்டுச் சொற்களை விட, மனிதரை மதிப்பிடும் சொற்களில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். 'ஜென்டில்' என்றால் முதலில் நல்ல குடியில் பிறந்தவன். 'ஜெனரஸ்' என்றாலும் அதே உயர்குடிப் பிறப்பு. 'நோபிள்' சொல்லவே வேண்டாம். அந்தப் பிறப்புப் பெயர்கள் மென்மை, தாராளம், உயர்ந்த உள்ளம் என்று குணங்களாகிவிட்டன. மறுபக்கம் வில்லீன் வில்லனானான். 'சேர்ல்' என்ற பழைய ஆங்கிலக் குடியானவனின் பெயர் முரடன் என்று ஆனது. 'நேவ்' என்றால் பையன், வேலைக்காரப் பையன். பிறகு அவன் மோசக்காரன். நம்ம ஊரில் வாத்தியார் முதல் போலீஸ்காரர் வரை வாயில் வரும் 'ராஸ்கல்' கூட பிரெஞ்சில் கீழ்மக்கள் கூட்டத்தைக் குறித்த சொல்லில் இருந்து வந்ததுதான். அகராதியை எழுதுகிற கை யாருடையதோ அவர்களின் பிறப்பு குணமாகிறது, மற்றவர்களின் பிறப்பு குற்றமாகிறது.

1362-ல் ஒரு சட்டம் போட்டார்கள். மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, எனவே இனி நீதிமன்ற வாதம் ஆங்கிலத்தில் நடக்கலாம் என்று. அந்தச் சட்டத்தை எழுதிய மொழி பிரெஞ்சு! 1381-ல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் நுழைந்தார்கள். ஜான் பால் என்ற ஏழைப் பாதிரியார் அவர்களிடம் ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார், ஆதியில் துரை யார், அடிமை யார் என்று. வில்லீன் முறையை ஒழிக்க வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. போகிற வழியெல்லாம் பண்ணைகளின் ஆவணச் சுருள்களைத் தேடிப் பிடித்து எரித்தார்கள். தங்களை அடிமை என்று சொல்லும் எழுத்து எங்கே இருக்கிறது என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்திருந்தது. 14 வயது அரசர் ரிச்சர்ட் சரி என்று வாக்குக் கொடுத்தார். தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்ட பிறகு வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

புத்தகமும் அப்படித்தான். விக்லிஃபும் அவர் ஆட்களும் பைபிளை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும், 1409-ல் அனுமதியற்ற மொழிபெயர்ப்புக்குத் திருச்சபை தடை போட்டது. 1526-ல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சடித்த வில்லியம் டின்டேல் 1536-ல் கொல்லப்பட்டார். வேதம் கேட்கக் கூடாத காதுகள் அங்கேயும் இருந்தன.

இப்படி அடிபட்டு மேலே வந்த மொழி கப்பல் ஏறியது. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600-ல். 1613-ல் ஆங்கில அச்சில் ஒரு தமிழ்ச் சொல் பதிவாகிறது: பறையர் என்பதில் இருந்து 'பரியா'. வில்லனும் ராஸ்கலும் ஏற்கெனவே இருந்த வரிசையில் நம் பெயரும் போய்ச் சேர்ந்தது. தொடக்கத்தில் அது இங்குள்ள ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராகவே இருந்தது. 1791-ல் பெர்னார்தின் தெ சான் பியேர் எழுதிய பிரெஞ்சுக் கதையில் ஒரு பரியாதான் ஞானமுள்ள நாயகன். ஐரோப்பாவே படித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விலக்கி வைக்கப்பட்ட எவரும் 'பரியா' என்றாகிவிட்டது. தெருநாய்க்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். சமூகவியல் படிக்கப் போன எங்களுக்கு மாக்ஸ் வெபரின் புத்தகத்தில் யூதர்களை 'பரியா மக்கள்' என்று பார்த்தபோது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வகுப்பில் யாரும் அந்தச் சொல்லின் ஊர் எது என்று கேட்கவும் இல்லை. இன்றும் ஏதோ ஒரு நாட்டை உலகம் ஒதுக்கினால் ஆங்கிலப் பத்திரிகைகள் கூசாமல் அதை 'பரியா தேசம்' என்று எழுதுகின்றன.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. புறநானூற்றில் துடியன், பாணன், கடம்பனோடு சேர்த்துப் பெருமையோடு சொல்லப்படும் குடி பறையன். அந்தப் பெயரை வசையாக்கிக் கொடுத்தது இங்கிருந்தவர்கள். ஆங்கிலேயர் அதை விலைக்கு வாங்கியவர்கள். 'சேரி' என்ற சொல்லையே பாருங்கள். ஒரு காலத்தில் சேர்ந்து வாழும் இடம் எதுவும் சேரிதான், பார்ப்பனச்சேரியும் இருந்தது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனியாக வருகின்றன. பிறகு சேரி என்றாலே நம் தெரு மட்டும்தான். ஆங்கிலத்தில் வில்லனுக்கு நடந்தது தமிழில் சேரிக்கு நடந்தது.

1799-ல் திப்பு வீழ்ந்ததும் கோவை கம்பெனி ஆட்சிக்கு வந்தது. அந்தக் கோவையில்தான், செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் படித்தார். 1939-ல் வந்த தன் 'ஜீவிய சரித்திரச் சுருக்க'த்தில் அந்த நாட்களைச் சொல்லியிருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர எல்லோரும் பிராமணர். தன் சாதி, ஊர், குடும்பம் தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்களே என்று பயந்து யாரோடும் பழகாமல் இருந்தார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார், விட்டதும் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு நடப்பார். அப்படி ஒளிந்து கற்ற படிப்புதான் அவரை நீலகிரியில் ஆங்கிலேயர் நிறுவனக் கணக்கராக்கியது. அங்கிருந்து 1890-ல் சென்னைக்குப் போனார். 1893 அக்டோபரில் நான்கு பக்கத்தில், இரண்டணா விலையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். கோவையில் வாய் திறந்து சொல்லப் பயந்த பெயரையே அதற்கு வைத்தார்: 'பறையன்'.

அந்த வருடமே காங்கிரஸ் கேட்டது, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று. நடத்தினால் கலெக்டர் நாற்காலிகள் எல்லாம் யாருக்குப் போகும் என்று கோவை வகுப்பறையைப் பார்த்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்த்து ஒரு மனு தயாரானது. நீளம் 112 அடி, கையெழுத்துகள் 3,412. ஆங்கிலம் நம் பெயரை எடுத்துக்கொண்டு போய் 280 வருடங்கள் கழித்து, அந்தப் பெயருக்கு உரியவர்களின் மனு லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது.