மோரிஸ் ரிஷார்

மோரிஸ் ரிஷார் (ஆகஸ்ட் 4, 1921 – மே 27, 2000) கனடாவின் புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி வீரர். 1942 முதல் 1960 வரை 18 பருவங்கள், தேசிய ஹாக்கி லீக்கில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்கு மட்டுமே ஆடினார். அந்த லீக்கில் ஒரே பருவத்தில் 50 கோல்களையும், மொத்தமாக 500 கோல்களையும் முதலில் எட்டியவர் இவரே. மின்னல் வேகத்தால் 'ராக்கெட்' என்ற பட்டப்பெயர் பெற்றார்.

தொடக்கம்

மாண்ட்ரியலில் பிரெஞ்சு பேசும் தொழிலாளர் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். இளம் வயதிலேயே எலும்பு முறிவுகள் இவரைத் தொடர்ந்தன. அவற்றைக் காரணம் காட்டி ராணுவமும் இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முதல் பருவத்தில் 16 ஆட்டங்களோடு கால் முறிந்து ஒதுங்க நேர்ந்தது.

ஆட்ட வாழ்க்கை

இடக்கை ஆட்டக்காரரான ரிஷாரைப் பயிற்சியாளர் டிக் இர்வின் வலப்பக்க முன்களத்தில் நிறுத்தினார். நடுவில் எல்மர் லாக், இடப்பக்கம் டோ பிளேக் எனச் சேர்ந்த மூவர் கூட்டணி 'பஞ்ச் லைன்' என்று பெயர் பெற்றது. 1944 மார்ச் 23 அன்று டொராண்டோவுக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில் மாண்ட்ரியல் அடித்த 5 கோல்களும் ரிஷாருடையவை. 1944–45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல்கள் அடித்தார். சிறந்த வீரர்கள் இரண்டாம் உலகப் போருக்குச் சென்றிருந்ததால்தான் இது முடிந்தது என்று சிலர் குறைகூறினர். அவர்கள் திரும்பிய பின், 1946–47 பருவத்தில் 45 கோல்கள் அடித்து, லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதை வென்றது அதற்குத் தக்க பதிலாக அமைந்தது. ஐந்து பருவங்களில் அதிகக் கோல்கள் அடித்தவராக விளங்கினார்.

1955 கலவரம்

1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் எதிரணி வீரரின் மட்டை ரிஷாரின் தலையைக் காயப்படுத்தியது. அவரைத் திருப்பித் தாக்கிய ரிஷார், தடுக்க வந்த நடுவரையும் குத்தினார். லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள், பிளே-ஆஃப் சுற்று அனைத்துக்கும் இவருக்குத் தடை விதித்தார். ஆங்கிலம் பேசுவோர் கையில் அதிகாரம் இருந்த காலத்தில், பிரெஞ்சு பேசும் மக்கள் அதைத் தங்களுக்கு நேர்ந்த அவமானமாகவே கருதினர். மார்ச் 17 அன்று மாண்ட்ரியலின் ஃபோரம் அரங்குக்குக் கேம்பல் வந்தபோது வெடித்த கலவரம் நகரத் தெருக்களுக்கும் பரவியது. மறுநாள் வானொலியில் பேசி மக்களை அமைதிப்படுத்தியவர் ரிஷாரே.

பிற்காலம்

1957 அக்டோபர் 19 அன்று தம் 500-ஆவது கோலை அடித்தார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியிலும் இடம்பெற்றார். அவற்றையும் சேர்த்து இவர் வென்ற கோப்பைகள் எட்டு. 978 ஆட்டங்களில் 544 கோல்களுடன் 1960-இல் ஓய்வுபெற்றார். வழக்கமான காத்திருப்புக் காலம் விலக்கப்பட்டு, 1961-இல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 9 என்ற இவரது எண்ணை மாண்ட்ரியல் அணி வேறு எவருக்கும் தருவதில்லை. 2000-இல் இவர் மறைந்தபோது கியூபெக் மாகாணம் அரசு மரியாதையுடன் விடைகொடுத்தது. 1998–99 பருவம் முதல், லீக்கில் அதிகக் கோல்கள் அடிப்பவருக்கு இவர் பெயரிலேயே விருது வழங்கப்படுகிறது.