பகிர்வு டிரைவில் அழிந்த கோப்பை மீட்டல்

பலர் சேர்ந்து பயன்படுத்தும் நெட்வொர்க் டிரைவிலிருந்து கைதவறி அழிந்த கோப்பைத் திரும்பப் பெறும் முறை. விண்டோஸ் கணினியின் சொந்த வட்டில் அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். பகிர்வு டிரைவில் அழித்தது பொதுவாக அங்கே வருவதில்லை. கோப்பு இருந்த இடம் சர்வர் என்பதால் நேரடியாக அங்கிருந்தே நீங்கிவிடுகிறது.

ஆகவே மீட்பு என்பது சர்வரில் முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாட்டைப் பொறுத்தது. விண்டோஸ் சர்வர் 2003இல் அறிமுகமான நிழல் நகல் வசதி, குறித்த நேரங்களில் வட்டின் நிலையைப் பதிந்துவைக்கிறது. இயல்பான அமைப்பில் இது திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணிக்கும் நண்பகலுக்கும் நடக்கும். கோப்பு இருந்த ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, ‘முந்தைய பதிப்புகள்’ பகுதியைத் திறந்தால் பழைய நகல் கிடைக்கும். ஆனால் 9 மணிக்கு உருவாக்கி 11 மணிக்கு அழித்த கோப்பு எந்த நகலிலும் இருக்காது. ஒரு வட்டுக்கு 64 நகல்கள்தான் உச்சவரம்பு. அதன்பின் பழையவை கழியும். வட்டே பழுதானால், அதிலேயே வைத்த நிழல் நகலும் போகும்.

லினக்ஸ் சர்வர்களில் ஓடும் சாம்பா மென்பொருளுக்கும் குப்பைத்தொட்டி உண்டு. நிர்வாகி அதை இயக்கிவைத்திருக்க வேண்டும்.

இத்தகைய ஏற்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதி ஒரே கட்டளையில் சர்வரிலிருந்து அழிந்தது. காப்பு நகலும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிய படக்குழு உறுப்பினர் கேலின் சூஸ்மனின் கணினியில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது.