எம்டன் சுட்ட தொட்டியும் எங்கள் ஊர் உரிமமும்

நம்மூரில் பலே ஆசாமியை "சரியான எம்டன்ப்பா" என்போமே, அந்தப் பெயர் வந்தது 1914 செப்டம்பர் 22 இரவில். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டதில், துறைமுகம் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன.

இப்படிப்பட்ட தொட்டிகளுக்கு இன்று உரிமம் கொடுக்கும் 'பெசோ'வின் தலைமையகம், நான் வேலை பார்க்கும் நாக்பூரில்தான் இருக்கிறது. 1898-ல் கல்கத்தாவில் வெடிபொருள் துறையாகத் தொடங்கியது. 1899-லேயே பெட்ரோலியத்துக்கென்று தனிச் சட்டம் இருந்தது. பிறகு வந்தது 1934-ம் வருடச் சட்டம். அதன் கீழ் 1937, 1976, 2002 என்று மூன்று முறை விதிகள் எழுதினார்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே கேள்விதான்: எத்தனை டிகிரியில் எண்ணெயின் ஆவி, பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும்? 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் 'ஏ' வகுப்பு. பெட்ரோல் இதில் வரும். 23 முதல் 65-க்குள் 'பி'; மண்ணெண்ணெய், டீசல். 65 முதல் 93-க்குள் 'சி', ஃபர்னஸ் ஆயில். நாக்பூர் வெயிலுக்கு 23 டிகிரி எம்மாத்திரம்!

பெட்ரோல் பங்க் கடனுக்கு வருபவர்கள் "உரிமத்துக்கு ஏன் சார் இத்தனை நாள்?" என்று அலுத்துக்கொள்வார்கள். மாவட்ட அதிகாரியின் தடையில்லாச் சான்று வேண்டும். வரைபடத்துக்கு முன் அனுமதி வேண்டும். தொட்டியைப் புதைத்து, கசிவு இல்லை என்று சோதித்துச் சான்று வாங்க வேண்டும். கடைசியில்தான் உரிமம். வரைபடத்தில் முக்கியமானது, தொட்டியைச் சுற்றி விட வேண்டிய காலி இடம். காசு போட்டு வாங்கிய நிலத்தைச் சும்மா விட யாருக்கு மனசு வரும்?

அந்த இடைவெளி எதற்கு என்பதை 2009 அக்டோபர் 29 காட்டியது. ஜெய்ப்பூர் சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கின் வால்வு வழியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் பெட்ரோல் கொட்டியது. ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். தீ பல நாள் எரிந்தது. அது உரிமம் பெற்ற கிடங்குதான். சுவரில் மாட்டிய காகிதம் வால்வை மூடாதே!

நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் அபார்ட்மெண்ட் ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே வைக்கிறார்கள்? ஓர் இடத்தில் மொத்தம் 2500 லிட்டர் வரை, எந்தக் கலனும் 1000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால், 'பி' வகுப்புக்கு உரிமம் வேண்டாம் என்கிறது சட்டம். 200 லிட்டர் டிரம் கணக்கில் 12 வரை சரி. பதின்மூன்றாவதை உருட்டி வந்தால் உரிமம் வேண்டும்.

மின்வெட்டுக் காலத்தில் அந்தப் பதின்மூன்றாவது சுலபமாக வந்துவிடும். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் தண்ணீர் லாரி கணக்கோடு இதையும் கேளுங்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதும் அதே பேஸ்மெண்டில்தான்.