எம்பாச்சோ: வயிற்றில் விழுந்த தளை

மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் குடியேறிய குடும்பங்களில், குழந்தை வயிறு உப்பி, சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்தால் பாட்டி ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்: எம்பாச்சோ. தின்றது குடலில் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘மாந்தம்’ என்பார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி.

சொல்லின் வேர் லத்தீன். ‘பெடிகா’ என்பது காலில் பூட்டும் தளை. ‘இம்பெடிகாரே’ என்றால் தளையிடுதல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஸ்பானியத்துக்கு வந்து ‘எம்பாச்சார்’ ஆயிற்று. அமெரிக்க அதிபர்கள்மீது பாயும் ‘இம்பீச்மென்ட்’டும் இதே வேரில் கிளைத்ததுதான். செரிக்காத வயிற்றை இதைவிடப் பொருத்தமாகச் சொல்லிவிட முடியுமா என்ன!

வைத்தியமும் தளையை அவிழ்ப்பதாகவே இருக்கும். ‘சோபதோரா’ எனப்படும் நீவிவிடும் பெண் எண்ணெய் தடவி வயிற்றை நீவுவாள். முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கிச் சொடுக்குவாள். சீமைச்சாமந்தித் தேநீர் கொடுப்பாள். இதுவரை பெரிய ஆபத்தில்லை.

ஆபத்து பொடியில் இருந்தது. ‘அசர்கோன்’ பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். அரபியிலிருந்து ஸ்பானியம் வாங்கிய பெயர். முன்னால் ஒட்டியிருக்கும் ‘அ’ அரபியின் ‘அல்’. பொருள் செவ்வீயம், சுத்தமானதென்றால் எடையில் 90 விழுக்காடு ஈயமே. மஞ்சள் பொடியான ‘கிரெட்டா’ இன்னொன்று. குயவர்கள் பானைக்கு மெருகேற்றும் ஈய ஆக்சைடு. நம் நாட்டுமருந்துக் கடைகளில் மிருதார்சிங்கி என்று பெயர்.

1981இல் லாஸ் ஏஞ்சலிஸில், ஈய நஞ்சேறிய ஒரு குழந்தையின் வயிற்றைக் கழுவியபோது ஆரஞ்சுப் பொடி வந்தது. வெகுநேரம் கேட்ட பிறகே தாய் சொன்னாள்: எம்பாச்சோவுக்கு அசர்கோன் கொடுத்தேன். மானிடவியலாளர் ராபர்ட் டிராட்டர் தேடியபோது டெக்சாஸ் மூலிகைக் கடைகளில் கிரெட்டா அகப்பட்டது.

ஈயம் உடம்பில் ஏறினால் வயிறு முறுக்கும், மலம் கட்டும், வாந்தி வரும், பசி போகும். அதாவது எம்பாச்சோவின் குறிகளேதான். நோய் இன்னும் விடவில்லை என்று நினைத்து மறுபடி ஒரு சிட்டிகை கொடுப்பார்கள். அன்பினால் கொடுத்த சிட்டிகைதான் அது. மூடநம்பிக்கை என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. எம்பாச்சோ என்றதும் சிரிக்கும் மருத்துவரிடம் எந்தத் தாயும் பொடியைப் பற்றிப் பேசமாட்டாள். ‘ஈயம் கொடுத்தீர்களா?’ என்று கேட்டாலும் பயனில்லை. அவளுக்கு அது ஈயமே அல்ல. பொடியின் பெயர்களைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்: கிரெட்டா, அசர்கோன், ருவேதா, கொரால், லீகா, மரியா லுயிசா. கடைசியது பெண்ணின் பெயர்போல ஒலித்தாலும் அதுவும் ஈயப்பொடிதான்.