சட்டகம் இல்லாத கதை

1895 இல் லூமியர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் பெற்றுப் படம் காட்டிய நாள்முதல், சினிமா ஒரு சட்டகத்துக்குள் நின்றே கதை சொல்லி வந்துள்ளது. எதை, எப்போது பார்ப்பது என்பதை நெறியாளரே தீர்மானித்தார். மெய்நிகர் சினிமா அச்சட்டகத்தை அகற்றிவிட்டது. கருவியைக் கண்ணில் அணிந்தவர் எத்திசையும் திரும்பலாம். கதை முன்னால் நடக்க, அவர் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும். அப்படியாயின் அங்கே கதை சொல்வது எவ்வாறு?

இக்கேள்வி எமக்கு முற்றிலும் புதிதன்று. பதுளையை அண்டிய ஸ்பிரிங்வெளி முதலான ஊவாத் தோட்டங்களையும் உள்ளடக்கிய மலையகத்துக்கு, தென்னிந்தியத் தொழிலாளரோடு வந்து சேர்ந்தது காமன் கூத்து. மாசியில் காமன் ஊன்றி, ரதி மன்மதன் திருமணம் நடத்தி, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதுவரை அது நீளும். அதற்குத் திரையுமில்லை, பார்வையாளரைப் பிரிக்கும் மேடையுமில்லை. வேடமிட்டோர் லயங்களுக்கிடையே செல்ல, சனங்களும் கூடவே செல்வர். ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்ப்பதில்லை. ஆயினும் கதை சிதறுவதில்லை. தப்பின் அடி மாறினால் தலைகள் திரும்பும். இருளில் தீ எங்கோ கண்ணும் அங்கே. கதை எல்லோரும் அறிந்ததாகையால், ஒரு கணத்தைத் தவறவிட்டவர் கதையைத் தவறவிடுவதில்லை. இன்றைய மெய்நிகர் நெறியாளர்களும் திசைகாட்டும் ஒலியையும் ஒளியையுமே பெரிதும் நம்புகின்றனர்.

ஆனால் பார்ப்பவர் யார் என்பதே கடினமான வினா. 2015 இல் வெளிவந்த 'க்ளவுட்ஸ் ஓவர் சிட்ரா', ஜோர்தானின் சாத்தரி முகாமில் வாழ்ந்த 12 வயதுச் சிரியச் சிறுமியின் அருகே எம்மை அமர்த்தியது. அதை உருவாக்கியோருள் ஒருவரான கிறிஸ் மில்க், மெய்நிகர் ஊடகத்தைப் பரிவூட்டும் இயந்திரம் என அவ்வாண்டிலேயே வர்ணித்தார். 2017 இல் இனாரித்துவின் 'கார்னே இ அரேனா', ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் வெறுங்காலுடன் மணலில் நடக்கவிட்டு, எல்லை தாண்டும் அகதிகளிடையே நிறுத்தியது. இரண்டும் வலிய ஆக்கங்களே. எனினும் கருவியைக் கழற்றியதும் பார்வையாளர் தம் உலகுக்குத் திரும்பிவிடுகிறார். அகதி அங்கேயே இருக்கிறார். காமன் கூத்தின் பார்வையாளரோ திருமணத்துக்கு உறவினர், ரதியின் ஒப்பாரிக்குத் துணை. மறுநாள் ரதி வேடமிட்டவரோடு அதே மலையில் வேலைக்கு நிற்பவர்.

குடியேற்றக் காலத்துத் தேயிலை விளம்பரங்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணைக் காட்டின. அவளது லயத்தைச் சட்டகத்துக்கு வெளியே விட்டன. சுற்றிலும் பதிவுசெய்யும் கமரா லயத்தையும் காட்டக்கூடும். எனினும் அக்கமராவை எங்கே வைப்பது என்பதை அப்போதும் ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். அந்த ஒருவர் லயத்தில் வாழ்பவராக இருந்தாலன்றி, மலையகத்தின் கதை மீண்டுமொரு முறை வெளியாரின் உலாவாகவே முடியும்.